பேஸ்மென்றில் வெற் பார் போடப் போகிறீர்களா? ரொறன்ரோப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காபரோ, மார்க்கம், பிரம்ரன் பக்கத்து வீடுகளுக்குப் பேஸ்மென்ற் வரைபடம் போட்டுக் கொடுப்பது என் தொழில். உடைப்பது, குழாய் பொருத்துவது, பூசுவது எல்லாம் வேறு ஆட்கள். பேச்சுத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "அப்படியே ஒரு வெற் பாரும் போடுவம்" என்று போனை நீட்டிப் படம் காட்டுவார். படத்தில் லைற் இருக்கும், கண்ணாடித் தட்டு இருக்கும், வரிசையாகப் போத்தல் இருக்கும். நான் கேட்பது ஒன்றுதான்: தண்ணீர் எந்தப் பக்கத்தால் வெளியே போகப் போகிறது? கீழே உள்ள பதில்கள் ஒன்ராறியோ வீடுகளை மனதில் வைத்து எழுதியவை.

வெற் பாருக்கும் ட்றை பாருக்கும் என்ன வித்தியாசம்?

சிங்கும் ஓடும் தண்ணீரும் இருந்தால் வெற் பார். அவை இல்லாமல் கவுன்ரர், தட்டு, பிரிட்ஜ் மட்டும் என்றால் ட்றை பார். செலவில் பெரிய பங்கு அந்தச் சின்னச் சிங்கினால்தான் வருகிறது.

எங்களுக்குச் சிங்க் உண்மையாகவே தேவையா?

பிறந்தநாள், நத்தார், புதுவருடம் என்று வருடத்தில் மூன்று நான்கு தடவைதான் ஆட்கள் கூடுவார்கள் என்றால் தேவையில்லை. நல்ல அலமாரி ஒன்று, பிரிட்ஜ் ஒன்று, ஐஸ் வாளி ஒன்று போதும். கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி மேலே குசினிக்குக் கொண்டுபோவது ஒன்றும் பெரிய வேலையில்லை.

குடும்பமே கீழேதான் புழங்குகிறது, ரீவியும் கரம் போர்ட்டும் அங்கேதான் என்றால் கதை வேறு. நான் வரைந்து கொடுத்த பல வெற் பார்களில் இப்போது ஓயாமல் வேலை செய்வது கேத்தில்தான். அப்பா கிரிக்கெட் பார்த்தபடி பிளேன் ரீ ஊற்றிக் குடிக்கிறார், பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தல் நிரப்புகிறார்கள், விஸ்கி மேல் தட்டில் தூசி பிடித்து நிற்கிறது. இதை முன்னமே யோசித்தால் வரைபடம் மாறும். கேத்திலுக்கு ஒரு பிளக், தேயிலைக்கு ஒரு லாச்சி, குப்பை வாளிக்குக் கபினெற்றுக்குள் ஓர் இடம். குப்பை வாளியை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுகிறார்கள். பிறகு அது ஸ்ரூலுக்குப் பக்கத்தில் வெளியே நிற்கும்.

எந்த இடத்தில் வைப்பது நல்லது?

குளியலறை, லோண்ட்ரி, அல்லது மேலே குசினி. இந்த மூன்றில் ஒன்றின் குழாய் ஓடும் சுவரில் முதுகு சாய்த்து வைப்பதுதான் நல்லது. புதிய வீடுகள் பலவற்றில் கட்டியவர்களே பேஸ்மென்ற் குளியலறைக்கென்று தரையில் மூடிபோட்ட குழாய்களை விட்டுவைத்திருப்பார்கள். அந்தச் சுவரின் மறுபக்கம் பார் வந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

காரணம் சரிவு. கழிவுநீர்க் குழாய் ஓர் அடிக்குக் கால் அங்குலம் இறங்கிக்கொண்டே போகவேண்டும். பார் 4 அடி தள்ளியிருந்தால் 1 அங்குலம்தான். 20 அடி தள்ளி எதிர்ச்சுவரில் ரீவிக்குப் பக்கத்தில் வேண்டும் என்றால் 5 அங்குலம். அதாவது கொங்கிறீற்றை 20 அடிக்கு வெட்டி, போகப் போக ஆழமாகத் தோண்டி, முதன்மைக் குழாய் அந்த ஆழத்தில் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். இருந்தால் அதிர்ஷ்டம்.

இன்னொன்று, தண்ணீர்க் குழாயை வெளிச்சுவருக்குள் ஓட விடாதீர்கள். ஜனவரிக் குளிரில் உறைந்து வெடிப்பது அந்தக் குழாய்தான். உள்சுவர் கிடைக்கவில்லை என்றால், காப்புப் பஞ்சு முழுதும் குழாய்க்கு வெளிப்பக்கமாக இருக்கவேண்டும், குழாய் சூடான அறைப் பக்கமாக வரவேண்டும்.

தரையை உடைக்காமல் செய்ய முடியாதா?

சில வீடுகளில் முடியும். லோண்ட்ரித் தொட்டியின் வடிகுழாய் சுவருக்குள் நிலத்துக்கு மேலே இருந்தால், பக்கத்தில் வரும் சிங்கை அதோடு சேர்க்க வழி கிடைக்கலாம். பழைய வீடுகள் சிலவற்றில் நகரக் குழாய்க்குப் போகும் வழியே பேஸ்மென்ற் தரையைவிட உயரத்தில் இருக்கும். அங்கே தரையை உடைத்தும் பிரயோசனமில்லை, சிங்குக்குக் கீழே ஒரு சின்னப் பம்ப் வைத்து மேலே தள்ளவேண்டியதுதான்.

பம்ப் கெட்ட சாமான் இல்லை, ஆனால் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். சத்தம் போடும். கரண்ட் போனால் வேலை செய்யாது. கழற்றித் திருத்துவதற்குக் கைபோகும் இடம் வேண்டும். அழகாக மூடிக் கட்டிவிட்டு இரண்டு வருடத்தில் கபினெற்றை வெட்டித் திறந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

பிளம்பர் "வென்ற்" என்று ஏதோ சொல்லி விலையைக் கூட்டுகிறார். அது ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. சிங்குக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று இருக்கும். அந்த வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயு வீட்டுக்குள் வராமல் தடுக்கிறது. காற்றுக்குழாய், அதுதான் வென்ற், இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக இறங்கும்போது வளைவில் நிற்பதையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். "கொளக் கொளக்" என்று சத்தம் கேட்டால் அதுதான் நடக்கிறது. சில இடங்களில் குழாயைக் கூரைவரை கொண்டுபோகாமல் காற்றை உள்ளே மட்டும் எடுக்கும் ஒரு வால்வு போட அனுமதி உண்டு. உங்கள் வீட்டில் அது செல்லுமா என்பதை நகரசபை இன்ஸ்பெக்ரரிடம் முதலே கேளுங்கள், சுவரை மூடிய பிறகு கேட்காதீர்கள்.

பெர்மிற் எடுக்கத்தான் வேண்டுமா? பக்கத்து வீட்டுக்காரர் எடுக்கவில்லையே.

புதிதாகக் குழாய் போட்டால் எடுக்கவேண்டும். இருக்கிற சிங்கை அதே இடத்தில் மாற்றுவது வேறு, இல்லாத இடத்தில் புதிதாக ஒன்று வைப்பது வேறு. மின்வேலைக்குத் தனியாக மின் பாதுகாப்பு அதிகாரசபையான ஈஎஸ்ஏக்கு அறிவிக்கவேண்டும், ஆள் பிடித்துச் செய்விப்பதானால் அதற்குரிய உரிமம் உள்ள கொன்ராக்ரர்தான் அந்த வேலையைச் செய்யலாம். 2025 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் புதிய கட்டடச் சட்டவிதி நடைமுறையில் இருக்கிறது, ஆகவே மைத்துனர் ஐந்து வருடத்துக்கு முன் போட்ட வரைபடத்தைப் பிரதியெடுத்துக் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். தண்ணீர் கசிந்து காப்புறுதியிடம் போகும்போதோ, வீட்டை விற்கும்போதோ தான் இந்தக் கடதாசிகளைக் கேட்பார்கள்.

அண்ணை, பாரோடு ஒரு சின்ன அடுப்பும் வைக்கலாமா? கணவாய் பிரட்டச் சுகமாக இருக்கும்.

அடுப்பு வந்தால் அது பார் இல்லை, குசினி. இரண்டாவது குசினி வந்தால் "இது தனிக் குடியிருப்பா?" என்ற கேள்வி எழும், அதற்கு ஒவ்வொரு நகரசபையும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். 2022இல் வந்த மாகாணச் சட்டம் பெரும்பாலான வீட்டுக்காணிகளில் மூன்று குடியிருப்புவரை இருக்க வழிவிட்டது உண்மை. ஆனால் தனிக் குடியிருப்பு என்றால் தீத்தடுப்புச் சுவர், தப்பியோடும் ஜன்னல், ஒன்றோடொன்று இணைந்த புகை எச்சரிக்கை மணி என்று பட்டியல் நீளும்.

சட்டத்தை விடுங்கள். கணவாய் பிரட்டினால் அந்த மணம் கதிரையிலும் கம்பளத்திலும் மாதக்கணக்கில் நிற்கும், வெளியே புகை தள்ளும் விசிறி இல்லாத பேஸ்மென்றில் வேறெங்கே போகும்? பைற்ஸை மேலே செய்து கீழே கொண்டுவாருங்கள். சூடாக்க ஒரு மைக்ரோவேவ் போதும்.

பின்னால் என்றைக்காவது வாடகைக்கு விடும் எண்ணம் இருந்தால் அதை இப்போதே சொல்லுங்கள். தரை திறந்திருக்கும்போது குசினிச் சிங்குக்கு ஏற்ற குழாயை வைத்துவிடலாம். அதற்கான கூடுதல் செலவு சின்னது, மறுபடி உடைப்பது சின்னதில்லை.

உயரம், அகலம் எல்லாம் எவ்வளவு?

இரண்டு உயரம்தான் வழக்கம். குசினிக் கவுன்ரர் போல 36 அங்குலம், அல்லது மதுச்சாலை போல 42 அங்குலம். 36க்கு இருக்கை 24 முதல் 26 அங்குல உயர ஸ்ரூல், 42க்கு 30 அங்குலம். கடையில் "பார் ஸ்ரூல்" என்ற பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அளவுநாடாவோடு போங்கள். முழங்கால் உள்ளே போக 36 அங்குலக் கவுன்ரர் 15 அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு இருக்கவேண்டும், 42க்கு 12 போதும். ஓர் ஆளுக்கு 24 அங்குல அகலம். உள்ளே நின்று ஊற்றுபவருக்கு, முன் கவுன்ரருக்கும் பின் கபினெற்றுக்கும் நடுவில் 36 அங்குலமாவது வேண்டும், பிரிட்ஜ் கதவு திறப்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

என் விருப்பம் 36தான். அம்மம்மா 30 அங்குல ஸ்ரூலில் ஏறி இருக்கமாட்டார், சின்னப் பிள்ளை ஏறினால் விழும். அதைவிட, பின்னால் ஆள் நின்று ஊற்றும் பாரே பாதிப் பேஸ்மென்றுகளுக்குப் பொருந்தாது. சுவரோடு ஒட்டிய 7, 8 அடிக் கவுன்ரர், அவ்வளவுதான். கடைபோல முன்னும் பின்னும் கவுன்ரர் வைத்தால், வீட்டுக்காரர் இரவு முழுக்க உள்ளே நின்று ஊற்றிக் கொடுக்கவேண்டியதுதான்.

சிங்க் எவ்வளவு பெரிது?

படங்களில் வரும் 9 அங்குல வட்டச் சிங்கை வாங்காதீர்கள். அதற்குள் ஒரு ஜக்கைச் சரித்துக்கூடக் கழுவ முடியாது. 15 அங்குலச் சதுரம், 8 அங்குல ஆழம் நல்ல அளவு. பைப்பின் கழுத்து உயர்ந்து வளைந்திருக்கட்டும். அதன் தலை மேல் தட்டில் முட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுடுதண்ணீரும் எடுங்கள், எண்ணெய்ப் பிசுக்குக் கையோடு வருபவர்கள்தான் அதிகம்.

சாதாரண சின்னப் பிரிட்ஜை கபினெற்றுக்குள் தள்ளி வைக்கலாமா?

வைக்கக்கூடாது. தனியே நிற்கும் பிரிட்ஜ் பின்பக்கமும் பக்கவாட்டிலும் சூட்டை விடும். கவுன்ரருக்குள் பொருத்துவதற்கென்று செய்தது கீழே முன்பக்கத்துச் சல்லடையால் விடும். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல, விலையில்தான் தெரியும். ஒரு வீட்டில் மலிவானதை இறுக்கிச் செருகியிருந்தார்கள். கபினெற்றின் பக்கப் பலகையில் கை வைத்தால் தேநீர்க் கோப்பைபோலச் சுட்டது. ஓரத்து மெல்லிய மரத்தோல் சுருண்டு எழும்பி நின்றது. உள்ளே பியர் அரைகுறைக் குளிரில், மோட்டார் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

வைனுக்கு 12, 13 பாகை செல்சியஸ், பியருக்கு 3, 4 பாகை. இரண்டையும் ஒன்றில் வைக்க ஆசைப்பட்டால் இரண்டு அறையுள்ள பிரிட்ஜ் தேவை. வீட்டில் வைன் குடிப்பவர் யாருமில்லை என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். திறந்த வெர்மூத், கிறீம் லிக்கர் வகைகள் எப்படியும் பிரிட்ஜுக்குள் இருப்பதுதான் நல்லது.

கவுன்ரருக்கு மாபிள் போடலாமா?

போடலாம், தேசிக்காய் வெட்டாத வீடு என்றால். தேசிப்புளி மாபிளின் மினுக்கத்தைத் தின்றுவிடும். துடைத்தால் போகும் கறை இல்லை அது, கல்லே அரிபட்டு வரும் தழும்பு. லைற்றுக்குச் சரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளாஸும் நின்ற இடம் வட்டம் வட்டமாகத் தெரியும். கிரானைற் தாங்கும், அவ்வப்போது மேற்பூச்சு வேண்டும். குவார்ட்ஸுக்கு அந்தக் கவலை இல்லை, ஆனால் சூடான சட்டியை நேரே வைக்கக்கூடாது, வெள்ளைக் குவார்ட்ஸில் மஞ்சள்தூள் விழுந்தால் உடனே துடைக்கவேண்டும். டெவில்ட் கோழி வரும் வீடுகளுக்கு நான் கடும் சாம்பல் நிறத்தைத்தான் காட்டுவேன்.

பிளக் எங்கே வரவேண்டும்?

சிங்கிலிருந்து 1.5 மீற்றருக்குள் வரும் எல்லாப் பிளக்கும் ஜிஎஃப்சிஐ, அதாவது மின் கசிந்தால் உடனே கரண்டை நிறுத்தும், பாதுகாப்புடன் இருக்கவேண்டும் என்பது விதி. கேத்தில் போட்டவுடன் பிரிட்ஜும் சேர்ந்து நிற்காமல் இருக்க, பிரிட்ஜுக்குத் தனி இணைப்புக் கேளுங்கள்.

தட்டுக்கும் லைற்றுக்கும் ஏதாவது கணக்கு இருக்கிறதா?

750 மில்லிப் போத்தல் ஏறக்குறைய 12 அங்குலம், சில அதற்கும் மேலே போகும். தட்டுகளுக்கு நடுவே 14, 15 அங்குலம் விடுங்கள். விஸ்கியை நிமிர்த்தி வையுங்கள், தக்கைபோட்ட வைனைப் படுக்க வையுங்கள். லைற் மஞ்சள் சாய்ந்த 2700 கெல்வின், மங்கவைக்கும் சுவிட்சுடன். லைற் பட்டியைத் தட்டின் முன் ஓரத்துக்குள் ஒளித்து வையுங்கள், இல்லாவிட்டால் சோபாவில் இருப்பவரின் கண்ணுக்குள் அடிக்கும். பின்னால் முகக்கண்ணாடி போட்டால் பத்துப் போத்தல் இருபதாகத் தெரியும், விரலடையாளமும் அப்படித்தான்.

அம்மாவுக்கு விருப்பமில்லை. மேலே சாமியறை வேறு இருக்கிறது. என்ன செய்வது?

இது வரைபடக் கேள்விதான், நம்புங்கள். சாமியறைக்கு நேர்கீழே வராமல் நகர்த்துவது பல வீடுகளில் சுலபம். முடியாத வீட்டில், போத்தல் பகுதிக்கு மட்டும் கதவு போட்டு மூடிவிடுவோம். திறந்த தட்டில் கோப்பைகளும் புத்தகமும் இருக்கும், பார்ப்பவருக்கு அது ஒரு ரீ கவுன்ரர். அந்தக் கதவுக்குப் பூட்டும் வையுங்கள். ஒன்ராறியோவில் மது வாங்கும் வயது 19. வீட்டில் 16 வயதுப் பையனும் அவன் சிநேகிதர்களும் கீழேதான் இருப்பார்கள்.

அம்மாவிடம் "வெற் பார்" என்று சொல்லித் தொடங்காமல் "கீழேயும் ஒரு தண்ணிப் பைப்" என்று தொடங்கினவர்கள் கெட்டித்தனமானவர்கள்.

அறுபதுகளில் கட்டிய பங்களோ வாங்கினோம். கீழே பழைய மரப் பார் ஒன்று இருக்கிறது. உடைத்துவிடவா?

ஸ்காபரோவின் பழைய பங்களோக்களில் இது நிறைய. செங்கல் முகப்பு, மெத்தை தைத்த முன்பக்கம், புகைநிறக் கண்ணாடி. மரம் உறுதியாக இருந்தால் எனக்கு உடைக்க மனம் வராது. புதிய கவுன்ரரும் லைற்றும் போட்டாலே எழும்பி நிற்கும்.

உடைப்பதானால் முதலில் தரையைப் பாருங்கள். 9 அங்குலச் சதுர ஓடுகள் என்றால் அவற்றில் அஸ்பெஸ்ரஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு துண்டைச் சோதனைக்கு அனுப்பாமல் சுத்தியலை எடுக்காதீர்கள். பெயர்க்காமல் மேலே புதுத்தரை போடுவதும் ஒரு வழி.

வெள்ளம் வந்தால்?

2013 ஜூலை 8 மாலை பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியது. 2024 ஜூலை 16இலும் 98 மில்லிமீற்றர் அளவுக்குப் பெய்தது. இரண்டு தடவையும் பேஸ்மென்றுகள் நிரம்பின. நகரக் குழாய் நிரம்பித் திரும்பினால் வீட்டில் ஆகத் தாழ்வான துவாரத்தால்தான் மேலே வரும். முதலில் தரை வடிகால், பிறகு குளியல் தொட்டி. பாருக்காகத் தரையை வெட்டுகிறீர்கள் என்றால், பின்னோக்கி வரும் நீரை மறிக்கும் வால்வு வீட்டில் இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ரொறன்ரோ நகரசபை அதற்கு மானியம் கொடுக்கிறது. காப்புறுதியில் சாக்கடை திரும்பி வருவதற்கான பகுதியைத் தனியாகச் சேர்த்தால்தான் உண்டு.

கீழ்க் கபினெற் தூளை அமுக்கிச் செய்த பலகையாக இருக்கக்கூடாது, ஒரு தடவை நனைந்தாலே ஊதிவிடும். பிளைவூட் பெட்டியை 4 அங்குலப் பிளாஸ்ரிக் கால்களில் நிறுத்தி, முன்பக்க அடிப்பலகையைக் கழற்றக்கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள்.

காசாகக் கொடுத்தால் 13 வீதம் மிச்சம் என்கிறார் கொன்ராக்ரர்.

எச்எஸ்ரி என்ற விற்பனை வரி மிச்சம்தான். பற்றுச்சீட்டும் இல்லை, உத்தரவாதமும் இல்லை, குழாய் கசிந்தால் யாரைக் கூப்பிடுவது என்பதும் இல்லை. மொத்தத் தொகை ஒன்றைச் சொல்பவரிடம் தரை வெட்டுதல், குழாய், மின்வேலை, கபினெற், கல் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்து எழுதமாட்டேன் என்பவரை விட்டுவிடுங்கள்.

பார் போட்டால் வீட்டு விலை ஏறுமா?

அதை நம்பிப் போடாதீர்கள். வாங்க வருபவர் அங்கே வாடகைக் குசினியைத்தான் மனதில் காண்பார்.

விருந்தாளி குடித்துவிட்டுக் கார் ஓட்டி யாரையாவது இடித்தால் நாங்கள் பொறுப்பா?

கனடா உச்ச நீதிமன்றம் 2006இல் சைல்ட்ஸ் எதிர் டெசோர்மோ வழக்கில் இதைப் பார்த்தது. ஒட்டாவாவில் புதுவருட விருந்து, அவரவர் மது அவரவர் கொண்டுவந்தது, திரும்பும் வழியில் விபத்து, ஓர் இளம்பெண்ணுக்குக் கால்கள் செயலிழந்து போனது. விருந்து வைத்த வீட்டுக்காரர் பொறுப்பில்லை என்றுதான் தீர்ப்பு. ஆனால் வீட்டுக்காரரே ஆபத்தைக் கூட்டும்படி நடந்திருந்தால் வேறு முடிவு வரலாம் என்ற இடத்தையும் நீதிமன்றம் விட்டுவைத்தது. சட்டம் எதுவானாலும் சாவியை வாங்கி வையுங்கள், சோபாவில் ஒரு போர்வை போட்டு வையுங்கள். உங்கள் பாரில் காசு வாங்கி ஊற்றுவது மட்டும் வேண்டாம், உரிமம் இல்லாமல் விற்பது குற்றம். வீட்டுப் பாவனைக்கு வைனும் பியரும் காய்ச்சலாம், உரிமமில்லாமல் சாராயம் வடிக்கக்கூடாது.

மூன்று மாதமாகப் பாவிக்கவில்லை, சாக்கடை மணம் வருகிறது.

வளைவுக் குழாயில் நின்ற தண்ணீர் காய்ந்துவிட்டது. ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றுங்கள். நெடுநாள் ஊருக்குப் போவதானால் அதற்கு மேல் ஒரு தேக்கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் காய்வது தாமதமாகும். ஊற்றியும் மணம் போகாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

ஐஸ் மெஷின் வாங்கலாமா?

கவுன்ரருக்குள் பொருத்தும் வகை என்றால் அதற்குத் தண்ணீர் இணைப்பு வேண்டும், உருகும் நீருக்குத் தனி வடிகால் வேண்டும், பேஸ்மென்றில் பெரும்பாலும் அதற்கும் ஒரு பம்ப் வேண்டும், அடிக்கடி உட்புறம் கழுவவும் வேண்டும். இரவில் கட்டி விழும் சத்தம் ரீவியைவிடப் பெரிதாகக் கேட்கும். வாரம் ஒரு விருந்து வைக்கும் வீடு என்றால் வாங்குங்கள். மற்றவர்களுக்கு, பெற்றோல் நிலையத்தில் விற்கும் ஐஸ் பை.